மூன்று மேசைகள்: டிசைன் மென்பொருள் திரையின் கதை

சோமனூரில் என் மாமா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, விசைத்தறிக்காரர்களுக்கு பில் புத்தகம், கோயில் நோம்பி நோட்டீஸ், இதுதான் வேலை. லீவு நாட்களில் அங்கேதான் போட்டோஷாப் பழகினேன். அந்தத் தைரியத்தில் கல்லூரி லேபில், லினக்ஸில், கிம்ப்பைத் திறந்தேன். பழைய 2.8 பதிப்பு.

கருவிப்பெட்டி ஒரு விண்டோ. படம் இன்னொன்று. லேயர்கள் மூன்றாவது. நடுவில் டெஸ்க்டாப் தெரிகிறது! கொஞ்சம் தள்ளி க்ளிக் செய்தால் பின்னால் இருந்த ப்ரௌசர் முன்னால் வந்து நிற்கிறது. பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது.

மாமாவிடம் புலம்பினேன். "மேக்ல அந்தக் காலத்துலயே அப்படித்தான் கண்ணு. கோயமுத்தூர்ல நான் வேலை பழகுன எடத்துல பாத்திருக்கேன்" என்றார். அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1984-ல் வந்த மேக்கின்டாஷுக்கு 9 அங்குலத் திரை, 512-க்கு 342 புள்ளிகள். மெனு திரையின் உச்சியில் ஒன்றே ஒன்று. எந்த மென்பொருள் முன்னால் இருக்கிறதோ, மெனு அதற்குச் சொந்தம். அதோடு வந்த மேக்பெயின்டில் பில் அட்கின்சன் கருவிகளை இடப்பக்கம் இரண்டு வரிசையாக அடுக்கினார். இன்றும் நம் கை இடப்பக்கம் போவதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்பேன்.

மெனு திரைக்கே சொந்தம் என்பதால், மேக்கில் மென்பொருளுக்குத் தனிப்பெட்டி தேவைப்படவில்லை. 1990-ல் போட்டோஷாப் மேக்குக்கு மட்டும் வந்தபோது படங்களும் கருவிப்பெட்டியும் தனித்தனியாக மிதந்தன. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவருக்கு இது வசதி: ஒன்றில் படம், மற்றதில் கருவிகள்.

விண்டோஸில் கதை வேறு. அங்கே மெனு விண்டோவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பத்துப் படம் திறந்தால் பத்து மெனுவா? அதனால் ஒரு பெரிய தாய் விண்டோ, அதற்குள் குட்டி விண்டோக்கள் என்ற ஏற்பாடு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் விண்டோஸுக்கு வந்த போட்டோஷாப்பின் பின்னால் தெரிந்த சாம்பல் நிறம் அந்தத் தாய் விண்டோதான். 1989-லேயே விண்டோஸில் பிறந்த கோரல்டிராவும் இதே வீட்டுப் பிள்ளை. நம் ஊர்க் கடைகளில் பழகியவர்களுக்கு 'திரை' என்றாலே இந்தப் பெட்டிதான்.

லினக்ஸில் விண்டோவை நகர்த்துவது, அடுக்குவது எல்லாம் 'விண்டோ மேனேஜர்' என்ற தனி மென்பொருளின் வேலை. பெர்க்லி மாணவர்கள் இருவர் எழுதி 1996-ல் வெளியிட்ட கிம்ப், அடுக்கும் பொறுப்பை அதனிடமே விட்டுவிட்டது. அவர்கள் ஊரில் அது நியாயம். விண்டோஸுக்குக் கொண்டுவந்தபோதுதான் டாஸ்க்பார் நிரம்பி வழிந்தது. 2005-ல் ஒருவர் கிம்ப்பின் மெனுக்களைப் போட்டோஷாப் மாதிரி மாற்றி 'கிம்ப்ஷாப்' என்றே வெளியிட்டார்!

கடைசியில் பெட்டிதான் ஜெயித்தது. 2008-ல் போட்டோஷாப் சிஎஸ்4 மேக்கிலும் விரும்பினால் பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்றது. 2012-ல் கிம்ப் 2.8 ஒற்றை விண்டோ முறையைக் கொடுத்தது. 2018-ல் வந்த 2.10-ல் அதுவே இயல்பாகிவிட்டது. (2.8 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் மெனுவில் 'சிங்கிள் விண்டோ மோட்' டிக் செய்யுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. :))

பெட்டி சிறந்தது என்பதால் ஜெயித்ததா? எனக்குச் சந்தேகம்தான். அதில் பழகிய கைகள் அதிகம், அவ்வளவே. டிடிபி வேலையில் கைப்பழக்கம்தான் கூலி. பத்திரிகைக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு, கருவியைத் தேடும் நிமிடம் எல்லாம் நஷ்டம்.

மாமா இன்னும் பேஜ்மேக்கரை விடவில்லை. 1985-ல் மேக்கில் பிறந்து, 2001-ல் 7.0 பதிப்போடு நின்றுபோன மென்பொருள். பக்கத்தைச் சுற்றி இருக்கும் வெற்றிடத்துக்கு அதில் 'பேஸ்ட்போர்டு' என்று பெயர். அச்சகத்தில் காகிதத்தை வெட்டி ஒட்டிய பலகையின் நினைவு. அதற்கு யூனிகோடு தெரியாது. மாமாவிடம் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்களுக்கும் தெரியாது. இரண்டுக்கும் நல்ல பொருத்தம். 2019-ல் வந்த நம் பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்திலும் பேஜ்மேக்கருக்குப் பாடம் உண்டு. படிக்கும்போது சிரித்திருக்கிறேன்.

போன வாரம் மாமாவைக் கிம்ப் முன்னால் உட்கார வைத்தேன். மௌஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "டெக்ஸ்ட் டூல் எங்க கண்ணு?" என்றார். லேபில் நான் உட்கார்ந்திருந்த அதே உட்காரல்.