நல்ல கையைக் கட்டிய கதை

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். ஐந்து வயதுப் பையனுக்கு செரிபரல் பால்ஸி. வலது கை சொன்ன பேச்சு கேட்காது. போன மாதம் பிசியோதெரபிஸ்ட் அவனுடைய நல்ல இடது கையில் உறை மாட்டிவிட்டு, வலது கையால் விளையாட வைத்தார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்குக் கோபம். மகனைப் பிடித்துக்கொண்டார். "ஏல, நல்லா இருக்க கையையும் கட்டிப் போட்டா பிள்ள என்ன செய்யும்?"

அந்தப் பெண்ணின் கேள்வி வேறு. "பிரசவத்துல நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனாண்ணே?"

இரண்டுமே நூறாண்டுக்கும் மேல் பழைய விவகாரங்கள்.

முதலில் அம்மாவின் கேள்வி. 1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தில் வில்லியம் ஜான் லிட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். சின்ன வயதில் போலியோ வந்து கால் வளைந்தவர் அவர். 1836-ல் ஜெர்மனி போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கஷ்டப் பிரசவம், குறைமாதம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல், இவைதான் குழந்தையின் கைகால் விறைப்புக்குக் காரணம் என்றார். இந்த நோய்க்கே 'லிட்டில் நோய்' என்று பெயர் வந்தது.

மறுத்தவர் யார் தெரியுமா? சிக்மண்ட் ஃபிராய்ட்! கனவுகளுக்குப் போகும் முன் அவர் நரம்பியல் மருத்துவர். 1897-ல் வெளிவந்த புத்தகத்தில், கருவிலேயே ஏதோ கோளாறு இருந்து, கஷ்டப் பிரசவம் அதன் அறிகுறியாகவும் இருக்கலாமே என்று கேட்டார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1986-ல் நெல்சன், எலன்பெர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சுமார் 50 ஆயிரம் கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த விவரங்களை அலசினார்கள். பிரசவ நேர மூச்சுத்திணறல் சிறு பங்குக்குத்தான் காரணம் என்று தெரிந்தது. கிழவர் ஃபிராய்ட் சொன்னதில் விஷயம் இருந்தது.

இனி பாட்டியின் கேள்வி. அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்பவர் குரங்குகளின் ஒரு கையில் உணர்ச்சி நரம்புகளை மட்டும் துண்டித்தார். அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையை மறந்தே போனது. நல்ல கையைக் கட்டியதும், வேறு வழியில்லாமல் மறந்த கையை நீட்டியது! 1981-ல் அவர் மீது மிருகவதை வழக்கு வந்து ஆராய்ச்சி நின்றது. ஆனால் 1991-ல் அதே குரங்குகளின் மூளையைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கைக்கான பகுதி, முகத்தைத் தொட்டால் வேலை செய்தது. சும்மா கிடந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட மாதிரி. அதாவது, மூளையின் வரைபடம் கல்லில் செதுக்கியது இல்லை. பயன்படுத்தினால் இடம் கிடைக்கும், விட்டால் போய்விடும்.

பக்கவாத நோயாளிகளிடம் பலன் கண்ட பிறகு, 2004-ல் 18 குழந்தைகளிடம் செய்த சோதனை வெளியானது. நல்ல கைக்குக் கட்டு, தினம் 6 மணி நேரம் பயிற்சி, 21 நாள். பயிற்சி பெற்ற குழந்தைகள் பலவீனமான கையை அதிகம் பயன்படுத்தினார்கள். இது ஒருபக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கானது. நோயைக் குணமாக்கும் மந்திரமும் இல்லை. கட்டு மட்டும் போதாது, பயிற்சிதான் மருந்து. வீட்டில் நாமாகச் செய்து பார்க்கவும் கூடாது.

மொழி தெரியாத ஊரில் எங்கே போவது என்று திகைப்பவர்களுக்கு ஒரு தகவல். மகளுக்கு இந்தப் பாதிப்பு இருந்ததால் மிது அலூர் 1972-ல் இதே பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். பிறகு அதன் பெயர் அடாப்ட் என்று மாறியது. சென்னையில் 1985-ல் தொடங்கியது வித்யாசாகர்.

இதையெல்லாம் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து சொன்னேன். பாட்டி குரங்குக் கதையை மட்டும் ரசித்துக் கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்.

"அந்த 1986 சமாச்சாரத்தை ஒரு தாள்ல எழுதிக் குடுங்கண்ணே. அத்தைகிட்ட காட்டணும்."