பித்த உப்பும் காணாமல் போன மூலக்கூறும்

ரெண்டு மாசம் முன்னாடி பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட். வாழைப்பழத்தை மசித்து, உப்புத் தண்ணியும் கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விடும் சேர்த்து வடிகட்டி, மேலே ஜில்லென்று ஆல்கஹால் விட்டால் டி.என்.ஏ. வெள்ளை நூல் மாதிரி திரண்டு வரும். வந்தது. ஆனால் அவள் கேள்வி வேறு.

"சோப்பு ஊத்தினதும் செல்லுக்கு என்னப்பா ஆச்சு?"

"சவ்வு கரைஞ்சு உள்ள இருந்ததெல்லாம் வெளியே வந்துடுச்சு."

"எல்லாமே இந்த டம்ளர்லதானே இருக்கு? அப்புறம் ஏன் வேலை செய்யாது?"

எனக்கு பதில் தெரியலை. அன்று ராத்திரி தேட ஆரம்பித்ததில் தெரிந்தது: 1950, 60களில் பெரிய பெரிய உயிர்வேதியியலாளர்களை அலைக்கழித்ததும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

முதலில் சோப்பு. டிடர்ஜென்ட் மூலக்கூறில் ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும், மறுபக்கம் எண்ணெயை விரும்பும். செல் சவ்வின் பாஸ்போலிப்பிடும் அதே ஜாதிதான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு வால் என்பதால், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் தட்டையான இரட்டைப் படலமாக நிற்கும். டிடர்ஜென்ட் ஆப்பு வடிவத்தில் இருப்பதால் சின்ன உருண்டைகளாகச் சேரவே விரும்பும். கொஞ்சமாக விட்டால் சவ்வுக்குள் செருகிக்கொண்டு ஒழுக வைக்கும். அளவு கூடினால் சவ்வையே பிய்த்து, அதிலிருக்கும் புரதங்களையும் தன் உருண்டைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். டிடர்ஜென்ட் மென்மையானதாக இருந்தால் புரதம் உருக்குலையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அடுத்து எனர்ஜி. உணவிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. அதில் கிடைக்கும் ஆற்றலில் ஏடிபி தயாராகிறது. இது மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கிறது என்று கென்னடியும் லெனிங்கரும் 1948-ல் காட்டிவிட்டார்கள். ஆனால் எலெக்ட்ரான் ஓட்டத்தின் ஆற்றல் ஏடிபி தயாரிக்கும் இடத்துக்கு எப்படிப் போகிறது? நடுவில் ஆற்றல் நிறைந்த ஒரு ரசாயன இடைப்பொருள் இருக்க வேண்டும் என்று 1953-ல் ஸ்லேட்டர் முன்வைத்தார். சர்க்கரை உடையும் பாதையில் அப்படிப்பட்ட இடைப்பொருட்கள் உண்டு என்பதால் அது நியாயமான ஊகம்தான். எல்லோரும் அந்த மூலக்கூறைத் தேடக் கிளம்பினார்கள்.

தேடுவதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்க டிடர்ஜென்ட் வேண்டும். அவர்கள் பயன்படுத்தியவற்றில் முக்கியமானவை கோலேட், டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்புகள். நம் குடலில் கொழுப்பைக் கரைப்பதும் இதே வகைதான், உடம்பே தயாரிக்கிற டிடர்ஜென்ட். இதை வைத்து விஸ்கான்சினில் டேவிட் கிரீனின் ஆய்வகத்தில் ஹதேஃபியும் சகாக்களும் 1962 வாக்கில் மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவின் எலெக்ட்ரான் சங்கிலியை நாலு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டும் தனியாக அதன் வேலையைச் செய்தது. சரியாகச் சேர்த்தால் எலெக்ட்ரான் ஆக்சிஜன் வரைக்கும் போனது. ஆனால் ஏடிபி மட்டும் வரவில்லை.

என் தொழில் பாஷையில் சொன்னால், எல்லா மாட்யூலும் யூனிட் டெஸ்ட் பாஸ், ப்ராடக்ட் மட்டும் ஓடலை.

இதில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. 1956-ல் கூப்பரும் லெனிங்கரும் டிஜிட்டோனின் என்ற தாவர டிடர்ஜென்டால் மைட்டோகாண்ட்ரியாவை உடைத்தார்கள். அந்தத் துணுக்குகள் ஏடிபி தயாரித்தன! அதை அவர்கள் ஒரு என்சைம் தொகுதி என்றே கருதினார்கள். அவை ஓரங்கள் ஒட்டி மூடிக்கொண்ட குட்டிப் பைகள் என்பது பிற்பாடு புரிந்தது. மூடிய பை என்பதுதான் துப்பு. ஆனால் மூலக்கூறைத் தேடுகிறவர் கண்ணில் பை எப்படிப் படும்?

1961-ல் பீட்டர் மிட்செல் அந்த மூலக்கூறே கிடையாது என்றார். எலெக்ட்ரான் ஓடும்போது புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும் வேகத்தில் ஏடிபி தயாராகிறது. அதாவது சவ்வு ஒரு அணைக்கட்டு. உடம்பு சரியில்லாமல் எடின்பரோ வேலையை விட்ட அவர், கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து, ஜெனிஃபர் மொய்லுடன் சேர்ந்து அங்கேயே சோதனைகளைத் தொடர்ந்தார். ரொம்ப நாள் பெரும்பாலானவர்கள் அவரை நம்பவில்லை.

ஆனால் அவர் சொன்னபடி பார்த்தால் பழைய தோல்விகளுக்கெல்லாம் அர்த்தம் வந்துவிடுகிறது. உட்சவ்வின் குறுக்கே இருப்பது சுமார் 150 மில்லிவோல்ட். அற்பம் என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமனோ ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வரும்! காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட் போதும். இந்த அழுத்தத்தைத் தாங்குகிற சுவரில் டிடர்ஜென்ட் ஓட்டை போட்டால் எலெக்ட்ரான் ஓட்டம் நிற்காது, எதிர்ப்பு குறைவதால் முதலில் வேகம்கூடக் கூடலாம். ஏடிபி மட்டும் நின்றுவிடும். அத்தனை வருஷம் ஆய்வகங்களில் அணையை உடைத்துவிட்டு, இடிபாடுகளுக்குள் கரண்டைத் தேடியிருக்கிறார்கள்.

1966-ல் ஜேகன்டார்ஃபும் யூரிபியும் கீரையின் பசுங்கணிகங்களை அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். கும்மிருட்டிலேயே ஏடிபி வந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

தீர்த்துவைத்ததில் பெரும்பங்கு கார்னெலில் இருந்த எஃப்ரைம் ராக்கருக்கு. 1971-ல் ககாவாவும் அவரும் புரதங்களையும் பாஸ்போலிப்பிடையும் கோலேட்டில் கரைத்து, ஒரு டயாலிசிஸ் பையில் போட்டு வைத்தார்கள். கோலேட் மெதுவாக வெளியே கசிந்துவிட, மிச்சமிருந்தவை தானாகவே கூடி மூடிய பைகளாகின. கரைசலில் தொலைந்திருந்த வேலையின் ஒரு பகுதி திரும்பி வந்தது. அதுவரை பிரிப்பதற்கான கருவியாக இருந்த டிடர்ஜென்ட் இப்போது சேர்ப்பதற்கும் கருவியாகிவிட்டது.

1974-ல் ராக்கரும் ஸ்டோக்கனியஸும் இன்னும் ஒரு படி போனார்கள். உப்பில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதாப் புரதம், மாட்டு இதயத்திலிருந்து ஏடிபி என்சைம், சோயாபீன்ஸிலிருந்து லிப்பிட். மூன்றையும் ஒரே பையில் சேர்த்து வெளிச்சம் காட்டினார்கள். ஏடிபி வந்தது! அந்த நுண்ணுயிரும் மாடும் பரிணாமத்தில் ஒன்றுக்கொன்று வெகு தூரம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரகசிய இடைப்பொருள் இருக்க வழியே இல்லை. நடுவில் இருந்தது புரோட்டான் மட்டும்தான்.

1977-ல் ஸ்லேட்டர், மிட்செல், ராக்கர் உட்பட ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு பேருக்கும் ஒத்த கருத்து வராமல் ஆளுக்கொரு பகுதி எழுதினார்கள். அடுத்த வருஷம் வேதியியல் நோபல் மிட்செலுக்கு.

தேடியவர்கள் யாரும் மோசமான ஆட்கள் இல்லை. அவர்கள் பிரித்தெடுத்த துண்டுகள் இல்லாமல் ராக்கர் எதையும் கூட்டியிருக்க முடியாது. எதையாவது பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும் என்பதுதான் எஞ்சினியரான என் நம்பிக்கையும். ஆனால் சில விஷயங்கள் எந்தத் துண்டிலும் கிடையாது, துண்டுகளை உள்ளே வெளியே என்று பிரித்துவைக்கிற சுவரில் இருக்கின்றன. பிரிக்கத் தொடங்கிய கணத்திலேயே அது போய்விடும்.

பொண்ணிடம் இந்த அணைக்கட்டு கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்த சோப்பை மட்டும் வெளியே எடுத்துட்டா?" என்றாள்.

அந்த டயாலிசிஸ் பையின் படத்தை ஒரு பேப்பரில் வரைய ஆரம்பித்தேன்.