ரயில் பெட்டிக்குச் சொந்தக்காரர் யார்?

கையில் காசில்லாத கம்பெனி புது இயந்திரம் வாங்க என்ன செய்யும்? அந்த இயந்திரத்தையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கும். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த வழி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ரயில் கம்பெனிகளுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

தண்டவாளம் போடுவதற்காகப் பல கம்பெனிகள் சொத்து முழுவதையும் ஏற்கெனவே அடமானம் வைத்திருந்தன. அந்த அடமானப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். கம்பெனி இனிமேல் வாங்கப்போகும் சொத்தும் இந்த அடமானத்திலேயே சேரும்! அதாவது, புதிய கடன்காரர் பணம் கொடுத்து வாங்கிய எஞ்சின் பழைய கடன்காரரின் பிடிக்குள் போய்விடும். பிறகு யார் கடன் கொடுப்பார்?

இதற்கு ஒரு வழி பிறந்தது. ரயில் கம்பெனி பெட்டியை வாங்காமலே ஓட்டினால்? முதலீட்டாளர்களின் பணத்தில் வாங்கிய பெட்டிகளை ஒரு டிரஸ்டி தன் பெயரில் வைத்துக்கொள்வார். கம்பெனி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு 'வாடகை'யாகக் கட்டும். கடைசித் தவணை முடிந்த பிறகுதான் பெட்டி அதற்குச் சொந்தம். அதுவரை, உரிமையாளர் டிரஸ்டியே என்று எழுதிய தகடு ஒவ்வொரு பெட்டியிலும் அறையப்பட்டிருக்கும். இதற்கு 'பிலடெல்பியா திட்டம்' என்று பெயர்.

1893இல் சோதனை வந்தது. அப்போது தொடங்கிய நிதி நெருக்கடியில் அமெரிக்க ரயில் பாதைகளில் சுமார் கால் பங்கு, நீதிமன்றம் நியமித்த ரிசீவர்களின் கைக்குப் போனது. பங்குதாரர்களும் பத்திரதாரர்களும் அடிபட்டார்கள். பெட்டிக் கடன் மட்டும் பெரும்பாலும் ஒழுங்காக அடைக்கப்பட்டது. காரணம் நேர்மை அல்ல, பயம். தண்டவாளத்தைப் பெயர்த்து விற்பது கஷ்டம். பெட்டியை இழுத்துக்கொண்டு போய் அடுத்த கம்பெனிக்கு விற்றுவிடலாம். 1886இல் தென் மாநிலங்களும் பொது அகலத்துக்கு மாறிவிட்டதால் அது எங்கும் ஓடும். பெட்டி போனால் வருமானமும் போச்சு!

இதே கேள்வி 2023இல் இந்தியாவுக்கும் வந்தது. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, சட்டப்படி வந்த தடைக்காலத்தால் குத்தகைக்கு விட்டவர்கள் தங்கள் விமானங்களை மீட்க முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு விமானங்களுக்கு விலக்கு அளித்தது. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் நிறுவனத்தையே கலைக்க உத்தரவானது.

தகடு பலமாக இருந்தால் கடன் கொடுப்பவர் துணிந்து கொடுப்பார், வட்டியும் குறையும். ஆனால் கம்பெனி நொடித்தால் பிழைக்க வைத்திருக்கும் பொருளே முதலில் வெளியேறும். மிச்சத்துக்குக் காத்திருப்பவர்கள் தொழிலாளர்களும் சின்னக் கடன்காரர்களும்தான்.