முகாம் ரயில்பெட்டி

ஓட்டத்திலிருந்து கழித்த பயணிகள் பெட்டியைத் தங்குமிடமாக மாற்றி, கிராமத்து ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தி, விடுமுறைக் குடும்பங்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் ஏற்பாடு. 1933-இல் பிரிட்டனின் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே பத்துப் பெட்டிகளுடன் இதைத் தொடங்கியது. 1935-க்குள் மற்ற மூன்று பெரிய கம்பெனிகளும் இறங்கிவிட்டன.

பெட்டிக்குள் ஆறு பேருக்குப் படுக்கை, சிறு கூடம், அடுப்பங்கரை இருந்தன. குடிநீரும் கழிப்பறையும் பெரும்பாலும் ஸ்டேஷனில்தான். வாடகையைவிடக் கம்பெனிகள் குறிவைத்தது டிக்கெட்டை: தங்குவோர் ரயிலில்தான் வரவேண்டும், குறைந்தது இத்தனை டிக்கெட் வாங்கியாக வேண்டும். கூட்டமில்லாத கிளைப்பாதைக்கு ஆள் சேர்க்க, உடைக்கப் போகும் பெட்டியைப் பயன்படுத்தியது கெட்டிக்காரத்தனம்தான். இரண்டாம் உலகப் போரில் இத்திட்டம் நின்று, பிறகு மீண்டது. ஆனால் கார்கள் பெருகின, கிளைப்பாதைகள் மூடப்பட்டன; 1971-இல் பொதுமக்களுக்கான திட்டம் முடிந்தது. யார்க்‌ஷயரின் லெவிஷம் போன்ற பாரம்பரிய ரயில் நிலையங்களில் சில இன்றும் உள்ளன.

இந்தியாவில் வழக்கம் வேறு. இங்கே பெட்டி ஊர் ஊராகப் போகும். ஒரு குழு முழுப் பெட்டியையும் ரயில்வேயின் சுற்றுலா நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக வாடகைக்கு எடுத்தால், அது வழக்கமான ரயில்களுடன் இணைக்கப்படும்; இறங்க வேண்டிய ஊரில் கழற்றி, யார்டில் நிறுத்தப்படும். மதுரை, ராமேஸ்வரம் பக்கம் வடநாட்டு யாத்ரீகர்கள் இத்தகைய பெட்டியில் வருவதுண்டு. அதிகாரிகள் மட்டும் பயன்படுத்திவந்த சலூன் பெட்டிகளும் 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. முதல் பயணம் மார்ச் 30 அன்று டெல்லியிலிருந்து கட்ராவுக்கு; இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை எல்லாம் அதில் அடக்கம்.

யாத்திரைக் குழுக்களுக்குத் தங்குவதைவிடச் சொந்தச் சமையல் பெரிது. ஆபத்தும் அங்கேதான் நுழைகிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து வந்து மதுரை யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதிக்குப் புறம்பாக உள்ளே சமையல் எரிவாயு சிலிண்டர் இருந்தது. அபாயப் பொருளை ரயிலில் கொண்டுசெல்வோருக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு விதிப்பது மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.