கொல்லிமலைப் பழங்குடியினர் உரிமைக் கண்காணிப்பு

கொல்லிமலைப் பழங்குடியினர் உரிமைக் கண்காணிப்பு என்பது, தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சட்ட உரிமைகள் நடைமுறைக்கு வருகின்றனவா எனச் சரிபார்க்கும் அமைப்புகளையும் முறைகளையும் குறிக்கும். செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு எனப் பழைய ‘நாடு’ப் பிரிவுகளின் பெயரிலேயே ஊராட்சிகள் அமைந்துள்ளன. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினரில் மலையாளிகளே எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலப் பழங்குடியினர் தொகை 7,94,697. இது மொத்த மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு.

சட்ட நிலை

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆகவே, அத்தகைய பகுதிகளின் நிர்வாகம் குறித்து ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் அறிக்கையில் கொல்லிமலை இடம்பெறுவதில்லை. பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாறுவதைத் தடுக்க அந்த அட்டவணை ஆளுநருக்கு வழங்கும் விதியாக்க அதிகாரமும், 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதி ஊராட்சிச் சட்டமும் இங்குப் பொருந்தா. மாநில அளவில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. சட்டப்பேரவையில் சேந்தமங்கலம், ஏற்காடு ஆகிய இரு தொகுதிகள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன; கொல்லிமலை சேந்தமங்கலத்தில் அடங்கும்.

ஆணையங்கள்

89ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, தேசியப் பழங்குடியினர் ஆணையம் 2004இல் தனி அமைப்பாயிற்று. புகார்களை விசாரிக்கையில் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்போது, ஏற்காத பரிந்துரைகளுக்கான காரணத்தையும் அரசு கூற வேண்டும். எனினும் அப்பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. தமிழ்நாடு தனக்கென ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தை 2021இல் அமைத்தது.

சாதிச் சான்று

ஒதுக்கீட்டுக்கான பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குகிறார். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சான்றுகளின் உண்மையை மாநிலக் கூர்நோக்குக் குழு ஆராய்கிறது. மலையாளிகளுக்குப் பட்டியல் தகுதி மாவட்ட வரம்புடன் தரப்பட்டுள்ளது. பட்டியலில் பழைய சேலம் மாவட்டம் உள்ளதால், அதிலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல்லின் கொல்லிமலையினர் பழங்குடியினராவர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ, அம்மாவட்டம் பட்டியலில் இல்லாததால் இத்தகுதியைப் பெறவில்லை.

வன உரிமை

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கண்காணிப்பைக் கிராம சபையிலிருந்து தொடங்குகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தில் பயிரிட்டு வரும் குடும்பம் 4 எக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையைச் சபையின் வன உரிமைக் குழு சரிபார்க்கும். பின்னர் அது கோட்ட, மாவட்டக் குழுக்களுக்குச் செல்லும். அதிகாரிகள் சட்டத்தை மீறினால், கிராம சபை தீர்மானம் நிறைவேற்றி மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு 60 நாள் அறிவிப்பு அளிக்கலாம். அதற்குள் அக்குழு நடவடிக்கை எடுக்காவிடில் நீதிமன்றத்தை நாடலாம். சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பிறகே பணி வேகம்பெற்றது.

ஒப்பீடு

ஐரோப்பிய ஒன்றியம் 1993 கோபன்ஹேகன் மாநாட்டில், உறுப்புரிமை கோரும் நாடுகளுக்குச் சிறுபான்மையினர் பாதுகாப்பையும் ஒரு நிபந்தனையாக்கியது. கோரும் நாடுகளின் நிலையை ஐரோப்பிய ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடுகிறது. உறுப்புரிமை கிட்டும்வரை அந்த அறிக்கைகளுக்கு வலிமை மிகுதி. கிட்டியபின் அந்த நெருக்கடி நின்றுவிடுகிறது. இந்திய முறையில் அத்தகைய கெடுவோ பரிசோ கிடையாது. ஆணையத்தின் பரிந்துரையை அரசு விளக்கத்துடன் ஒதுக்கிவைக்கலாம். கிராம சபையின் தீர்மானத்துக்கோ நீதிமன்றம்வரை செல்லும் வழியைச் சட்டமே வகுத்துள்ளது. ஐந்தாம் அட்டவணையின் காப்பு இல்லாத கொல்லிமலையில் அச்சபையே முதன்மையான கண்காணிப்பு அமைப்பாகிறது.