ஹிமாசலம் மீண்டும் பெற்ற சட்டசபை

டில்லி வெயிலுக்கு அஞ்சிச் சிம்லாவுக்குச் செல்லும் வழக்கம் நம்மவர் பலருக்கு உண்டு. அங்கே ரிட்ஜ் என்னும் மேட்டுவெளியில் உலாவி, தொலைவிலுள்ள பனிச் சிகரங்களைக் கண்டு களிக்கிறோம். அதே மேட்டுவெளியில்தான் ஹிமாசல மக்கள், தாம் இழந்திருந்த ஓர் உரிமையை முழுமையாக மீட்டனர். அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1948 ஏப்ரல் 15 அன்று, முப்பதளவான மலைநாட்டுச் சமஸ்தானங்கள் ஒன்றாகி ஹிமாசலப் பிரதேசம் என்ற பெயர் பெற்றன. மத்திய சர்க்கார் நியமித்த சீப் கமிஷனர் ஒருவர் அதனை ஆண்டார். மன்னர் ஆட்சி போயிற்று. ஆனால் மக்கள் ஆட்சி உடனே வந்துவிடவில்லை. 1951-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தால்தான் 'சி' பிரிவு ராஜ்யங்களுக்குச் சட்டசபை அமைய வழி பிறந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் சினி என்னும் மலைப்பகுதியில் வாக்குப்பதிவு நடந்தது. பனி விழுந்து பாதைகள் அடைபடுமுன் நடத்தவேண்டியிருந்தமையால், சுதந்தர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில் முதன்முதல் வாக்களித்த பெருமை இம்மலைவாசிகளுக்கு வாய்த்தது. 1952 மார்ச்சில் டாக்டர் யஷ்வந்த் சிங் பர்மார் முதன்மந்திரியானார். அச்சபையின் அதிகாரம் குறுகியதே. அது நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஜனாதிபதியின் சம்மதம் வேண்டியிருந்தது. ஆயினும், பெருநிலக்கிழமையை ஒழித்து உழுபவர்க்கு உரிமை தரும் சட்டத்தை அது 1953-ல் நிறைவேற்றியது.

இந்நிலையில் 1955-ல் ராஜ்யச் சீரமைப்புக் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. சிறிய ஹிமாசலத்தைப் பஞ்சாபுடன் இணைத்துவிடலாம் என்றனர் குஞ்சுருவும் பணிக்கரும். தலைவரான பஸல் அலி மாறுபட்டு, அது தனித்தே மத்திய ஆட்சியின் கீழ் இருக்கட்டும் என்று எழுதினார். பர்மாரும் அவரைச் சார்ந்தோரும் இணைப்பை எதிர்த்து நின்றனர். பெயரும் எல்லையும் பிழைத்தன. ஆனால் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று ஹிமாசலம் யூனியன் பிரதேசமாயிற்று. சட்டசபையும் மந்திரிசபையும் மறைந்தன. நாட்டில் முதலில் வாக்களித்த மக்கள், ஐந்தே ஆண்டுகளில் தமக்கெனச் சட்டம் செய்யும் சபையை இழந்தனர்.

1957-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதேச கவுன்சில் ஒன்று அமைந்தது. பள்ளி, சாலை, மருத்துவமனை முதலியவற்றைக் கவனிக்கலாம். சட்டம் இயற்ற இயலாது. மக்கள் இத்துடன் மனநிறைவு கொள்ளவில்லை, தொடர்ந்து முறையிட்டனர். 1963-ல் புதிய சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று கவுன்சிலே சட்டசபையாக மாறியது. பர்மார் மீண்டும் முதன்மந்திரியானார். 1966 நவம்பரில் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது காங்க்ரா, குலு, சிம்லா முதலிய மலைப்பகுதிகள் ஹிமாசலத்துடன் சேர்ந்தன. பஞ்சாபில் கரைந்திருக்கவேண்டிய பிரதேசம், பஞ்சாபின் மலைகளையே தன்னுடன் சேர்த்து ஏறக்குறைய இருமடங்காயிற்று. சிறிது என்று சொல்லி மறுக்க இனி இடமில்லை.

1970 ஜூலை 31 அன்று பிரதம மந்திரி இந்திரா காந்தி, ஹிமாசலம் ராஜ்யமாகும் எனப் பார்லிமெண்டில் அறிவித்தார். 1971 ஜனவரி 25 அன்று, பனி பொழிந்துகொண்டிருக்க, ரிட்ஜில் திரண்டிருந்த மக்கள்முன் அவரே அதனை இந்தியாவின் 18-ஆவது ராஜ்யமாகத் தொடங்கிவைத்தார்.

எல்லோருக்கும் இவ்வாறு நிறைவேறியதில்லை. 1956-ல் தன் சட்டசபையை இழந்த டில்லி, 1993-ல்தான் மீண்டும் ஒன்றைப் பெற்றது. முழு ராஜ்ய அந்தஸ்து அதனுடன் வரவில்லை. 2019-ல் யூனியன் பிரதேசமாக்கப்பட்ட ஜம்மு காஷ்மீரில், 2024-ல் தேர்தல் நடந்து மந்திரிசபை அமைந்தது. ராஜ்ய அந்தஸ்துக்கான கோரிக்கை அத்தேர்தலின் முதன்மையான பேச்சாயிருந்தது.

நாம் பிற பிரதேசங்களில் குடியேறி வாழ்கிறோம். வாழும் இடத்தின் சட்டசபை நமக்கு அயலானதன்று. நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியும், நாம் நடக்கும் சாலையும் அங்கேதான் முடிவாகின்றன. அடுத்தமுறை ரிட்ஜில் நிற்கும்போது, பனியில் நனைந்து அன்று அங்கே நின்றவர்களையும் ஒரு கணம் நினைப்போம்.