முகப் பளபளப்பு: பூச்சின் வரலாறும் ஒளியின் வரலாறும்



பேச்சுப் போட்டியாயினும் கதை சொல்லும் போட்டியாயினும், மாணவரின் படைப்பைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் நம் வீடுகளே படப்பிடிப்புக் கூடங்களாயின. அத்தகைய பதிவுகளில் குழந்தையின் நெற்றியும் மூக்கு நுனியும் பளிச்சிடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். உடனே பவுடரை அப்பி முகத்தை வெளுப்பாக்குவதே தீர்வென்று எண்ணுகிறோம். இப்பழக்கத்திற்குத் திரைப்படத்துறையில் நீண்ட வரலாறு உண்டு.

தோலின் மேல் படியும் எண்ணெயும் வியர்வையும் கண்ணாடி போல விளக்கொளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதுவே பளபளப்பு. தொடக்கக் காலத்தில் திரை நடிகர்களும் நாடக மேடைக்குரிய தடித்த பசைப்பூச்சையே பூசினர். 1914இல் மேக்ஸ் ஃபேக்டர் என்னும் ஒப்பனையாளர் திரைப்படத்திற்கென்றே மெல்லிய பூச்சொன்றை உருவாக்கினார். பின்னர் வந்த டெக்னிகலர் வண்ணப்பட முறைக்கு மிகக் கடுமையான ஒளி தேவைப்பட்டது. அவ்வொளியில் பழைய பூச்சு மின்னியது; அருகிலிருந்த பொருள்களின் நிறத்தையும் முகத்தில் காட்டியது. இதற்கு மாற்றாக அவருடைய நிறுவனம் உருவாக்கியதே, ஈரப் பஞ்சினால் தடவப்படும் 'பேன்கேக்'. 1937இல் திரைக்கு வந்த இப்பூச்சு, மறு ஆண்டே கடைகளிலும் விற்பனைக்கு வந்தது.

அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே பேன்கேக் வண்டி வண்டியாக வாங்கப்பட்டதையும், ஒப்பனை அறையின் விளக்குகள் அனலாய்த் தகித்ததையும் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார். விளக்கு சுடும், முகம் வியர்க்கும், மேலும் பூசுவார்கள். முகத்தின் இயற்கை நிறமோ அடியில் மறைந்துவிடும்.

நிழற்படத்திலும் இத்தகைய நிலையே நிலவியது. 1950களில் கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படமே அளவுகோலாக இருந்தது. அம்முகம் சரியாக அமைந்தால் படம் சரி! பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன.

வேறொரு வழியும் இருந்தது. 1956இல் வெளியான சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்திற்காகக் காசி நகர வீட்டின் முற்றத்தைப் படப்பிடிப்பு நிலையத்திற்குள் அமைத்தனர். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அம்முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். வானத்து ஒளி போல் அது மென்மையாகப் பரவிற்று. சிறிய விளக்கு முகத்தில் சிறிய, கூர்மையான ஒளித்திட்டை உண்டாக்கும். அவ்வொளியே அகன்ற பரப்பிலிருந்து வந்தால் திட்டு விரிந்து மங்கிவிடும். முகத்திற்குச் செய்ய எண்ணியதை அவர் விளக்கிற்குச் செய்தார்.

கரிய முகத்தில் பளபளப்பு மிகுதியாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. திட்டின் ஒளி எல்லார் முகத்திலும் ஏறத்தாழ ஒன்றே; சுற்றியுள்ள தோல் கருமையாயிருப்பதால் வேறுபாடு கூடுகிறது. ஆகவே அது தோலின் குறையன்று.

நாம் செய்யத்தக்கவை எளியவை. மெல்லிய தாளால் முகத்தை ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டா. கைப்பேசியின் விளக்கை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத சன்னலை நோக்கிக் குழந்தையை நிற்கச் செய்யுங்கள். வெயில் விழுந்தால் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். முற்றிலும் வெளுத்துப் பதிவான இடத்தைப் பின்னர் மீட்க இயலாது. பூச்சு தேவையெனில் குழந்தையின் நிறத்திற்கு ஒத்ததையே சிறிதளவு இடுங்கள்.

முகத்தை வெளுப்பாக்கிப் பதிவு செய்யும்போது, "உன் நிறம் மேடைக்கு ஆகாது" என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை பவுடர் டப்பாவை எடுக்குமுன் சன்னல் திரையைச் சரிசெய்து பாருங்கள்.